கோடியக்கரைக்குப் போகிறோம், காட்டுக்கு என்ன ஆகிறது?

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண், அதைச் சுற்றி உப்பளம், பிறகு கோடியக்காடு கிராமம், அப்புறம் வனத்துறையின் செக்போஸ்ட். உள்ளே போகிறவர்களில் பெரும்பாலோர் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிறார்கள். மான் பார்க்கிறார்கள், பறவை பார்க்கிறார்கள், கடலில் கால் நனைக்கிறார்கள், மர நிழலில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். ஒரு கிளையை முறிக்கவில்லை, ஒரு குருவியை அடிக்கவில்லை. அப்படியிருக்க, சுற்றுலாவால் சரணாலயத்துக்குப் பாதிப்பு என்று யாராவது சொன்னால், 'வந்து பார்த்துவிட்டுப் போவதில் காடு தேய்ந்தா போய்விடும்?' என்று கேட்கத்தான் தோன்றும்.

சில இடங்களில் தேய்ந்துதான் போகிறது. எங்கே, எப்படி என்று பார்ப்போம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம் 1967-ல் அறிவிக்கப்பட்டது, முக்கியமாக வெளிமான்களுக்காக. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1962-ல், பறவையியலாளர் சாலிம் அலி இந்த இடத்தின் அருமையைக் கண்டு சொல்லியிருந்தார். பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே தங்கி, வலசை வரும் பறவைகளின் காலில் வளையம் மாட்டிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். காடு, புல்வெளி, மணல்மேடு, பெரிய சதுப்பு நிலம், அதற்கு மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு என்று 38,500 ஹெக்டேர் பரப்பு 2002-ல் ராம்சார் பட்டியலில் ஏறியது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் சேர்ந்த முதல் நிலம் இதுதான். அடுத்தது சேர இருபது ஆண்டு ஆயிற்று.

இங்கே வருகிறவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை பறவை பார்க்க வருகிறவர்கள் ஒரு வகை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆதி சேது எனப்படும் இங்குள்ள கடலில் நீராடிப் பிதுர்க்கடன் கழிக்க வரும் ஆயிரக்கணக்கானவர்கள் இன்னொரு வகை. விடுமுறை நாளில் தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வரும் குடும்பங்கள் வேறு. பொன்னியின் செல்வன் படமாக வந்த பிறகு அதில் வரும் பூங்குழலியின் ஊரைப் பார்க்க வருகிறவர்களும் உண்டு. அவர்கள் தேடும் பழைய கலங்கரை விளக்கத்தில் மிஞ்சியிருந்ததை 2004 சுனாமி சாய்த்துவிட்டது, அடிச்செங்கல்தான் கிடக்கிறது.

பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளுக்கு மக்கள் போய்வருவது இன்று உலகம் முழுக்க நடப்பது. ஆண்டுக்குச் சுமார் 800 கோடி வருகைகள் என்று 2015-ல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இந்த வருகைகள் விலங்குகளை என்ன செய்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் 274 ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி 2016-ல் அலசினார்கள். நூற்றுக்கு 93 கட்டுரைகளில் ஏதாவது ஒரு விளைவு பதிவாகியிருந்தது. கண்டறிந்த விளைவுகளில் பாதிக்கு மேல் கெடுதல். அதில் எனக்கு வியப்பாக இருந்தது இன்னொன்று: எஞ்சின் வைத்த வாகனத்தில் போவதைவிட நடந்து போவது போன்ற 'சாது'வான பொழுதுபோக்குகளுக்கே கெடுதலான விளைவு அதிகமாகப் பதிவாகியிருந்தது.

கொஞ்சம் யோசித்தால் காரணம் புரியும். ஜீப் சாலையில்தான் போகும். தினமும் ஒரே தடத்தில் ஒரே சத்தத்தோடு போகும் வண்டிக்கு மான் பழகிவிடுகிறது. அது தன்னை நோக்கி வராது என்று அதற்குத் தெரியும். நடந்து வரும் மனிதன் எந்தப் பக்கமிருந்தும் வரலாம், புதருக்குள்ளிருந்தும் வரலாம். மானின் கணக்கில் வேட்டைக்கு வரும் உருவமும் அதுதான். நாம் வெறும் செல்போன் பிடித்திருப்பது அதற்குத் தெரியாது.

கோடியக்கரைப் புல்வெளியில் இதை நேரில் பார்க்கலாம். சாலையில் வண்டி போகும்போது முறுக்குக் கொம்பு ஆண்மான் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேய்கிறது. வண்டி நின்றால் காது திரும்புகிறது. கதவு திறந்து ஒருவர் இறங்கினால் மேய்ச்சல் நின்றுவிடுகிறது. அவர் புல்லில் நாலடி வைத்தால் பெண்மான்கள் ஒவ்வொன்றாகத் துள்ளிக் கிளம்ப, கூட்டமே ஓடிவிடுகிறது. பார்க்கிறவருக்கு அது அழகான வீடியோ. மான் பக்கத்திலிருந்து பார்த்தால், தின்ன வேண்டிய அரைமணி நேரம் போயிற்று, தின்று சேர்த்ததில் கொஞ்சம் ஓட்டத்தில் போயிற்று. ஒரு தடவை என்றால் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமையன்று இருபது வண்டி இருபது தடவை நிறுத்தினால் கணக்கு வேறு.

குட்டி போட்டிருக்கும் நாட்களில் இது இன்னும் நுணுக்கமான விஷயம். வெளிமான் பிறந்த குட்டியைக் கூடவே இழுத்துக்கொண்டு அலையாது. புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டுத் தள்ளி மேயும்; பால் கொடுக்க மட்டும் வரும். ஆள் அங்கேயே நின்றுகொண்டிருந்தால் தாய் கிட்டே வராது. 'ஐயோ பாவம், தாயில்லாத குட்டி' என்று தூக்கிக்கொண்டு வந்து வனத்துறையிடம் ஒப்படைக்கும் இரக்கசாலிகள் எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் குட்டிக்குப் பெரும்பாலும் தாய் இருக்கிறது. அவர்கள் நகர்வதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறது.

சதுப்புப் பக்கம் வந்தால் பூநாரை. கோடியக்கரைக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கேட்பது இதைத்தான். தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் கவிழ்த்து, அலகால் சேற்றுத் தண்ணீரை அரித்து, சின்னஞ்சிறு உயிர்களை வடிகட்டித் தின்னும் பறவை இது. ஒரு வாய் உணவுக்கு எவ்வளவோ தண்ணீர் அரிக்க வேண்டும், அதனால் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். கனத்த உடம்பு, நின்ற இடத்திலிருந்து சட்டென்று எழும்பாது. தண்ணீரில் தடதடவென்று ஓடித்தான் மேலே ஏறும். இறக்கையை விரித்தால் ரோஜா நிறமும் கறுப்பும் தெரியும். அந்தப் படத்துக்காகவே கை தட்டுகிறவர்கள், கூச்சல் போடுகிறவர்கள், இப்போது ட்ரோன் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சரணாலயத்தில் வனத்துறை அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது.

பூநாரையைவிட அதிகம் நஷ்டப்படுவது நாம் பார்க்காமல் தாண்டிப்போகும் உள்ளான் கூட்டம் என்றுதான் நினைக்கிறேன். கொசு உள்ளான் என்று ஒன்று. எடை பெரும்பாலும் முப்பது கிராமுக்கு மேல் போகாது. நம் கைப்பிடிக்குள் அடங்கும். கோடைக்காலத்தில் வடதுருவத்தை ஒட்டிய சைபீரியத் தரையில் முட்டையிட்டுவிட்டு, குளிர்காலத்துக்கு நம் சேற்றுக்கு வருகிறது. மாசி, பங்குனியில் திரும்பிப் போகும் முன் உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ள வேண்டும், வழிச்செலவு அதுதான். அது மேய்வது கணுக்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீரின் விளிம்பில். நாம் நடந்து போக ஆசைப்படுவதும் அதே விளிம்பில்தான். நாம் ஒரு பக்கமிருந்து நடக்க நடக்க, கூட்டம் எழும்பி, வட்டமடித்து, நூறடி தள்ளி உட்கார்ந்து, மறுபடி எழும்பும். பறக்காமல் நின்றாலும் சும்மா இருப்பதாக நினைக்க வேண்டாம். ஆள் நெருங்கும்போது பறவை அசையாமலே நின்றாலும் அதன் இதயத்துடிப்பு ஏறுகிறது என்று வேறு நாடுகளில் பல பறவைகளை அளந்து பார்த்திருக்கிறார்கள். அது தலையைத் தூக்கி நம்மைப் பார்த்துவிட்டாலே நாம் எல்லை தாண்டிவிட்டோம் என்று பொருள்.

காலடியில் மிதிபடும் மண்ணுக்கும் ஒரு கதை இருக்கிறது. கோடியக்கரைக் காடு மணல்மேட்டின் மேல் நிற்கும் உலர் பசுமைமாறாக் காடு. பாலை மரங்களும் முட்புதர்களும் கொடிகளும் மண்டிய இந்த வகைக் காடு சோழமண்டலக் கடற்கரை நெடுக ஒரு காலத்தில் இருந்தது. இப்போது அங்கங்கே துண்டு துண்டாகத்தான் மிச்சம். மண் மெல்லியது. மிதிக்க மிதிக்க இறுகி, மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடும். விதை விழுந்தாலும் வேர் பிடிக்காது. மண் மிதிபடுவதை ஆராய்ந்தவர்கள் கண்ட முக்கியமான உண்மை ஒன்று உண்டு: சேதம் கூட்டத்தின் அளவுக்குச் சமமாக ஏறுவதில்லை. யாரும் நடக்காத தரையில் முதல் சில நூறு நடைகளிலேயே பெரும்பகுதிச் செடி போய்விடும். அதற்குப் பிறகு அதே தடத்தில் ஆயிரம் பேர் நடந்தாலும் கூடுதல் சேதம் கொஞ்சம்தான். ஆகவே ஒற்றையடிப் பாதை எவ்வளவு மொட்டையாகக் கிடந்தாலும் அதிலேயே நடப்பதுதான் நல்லது. 'நாம் மட்டும்தானே, ஓரமாகக் காட்டுக்குள் புகுந்து போவோம்' என்று புதுத்தடம் போடும் நாலு பேர், பழைய பாதையில் போகும் நானூறு பேரைவிடக் கெடுதல் செய்துவிடலாம். ராமர் பாதம் இருக்கும் மேட்டுக்குப் போகிறவர்கள் குறுக்குவழி தேடாமல் போட்டிருக்கும் வழியிலேயே ஏறி இறங்கினால் போதும்.

கடற்கரை மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு மூன்று செடிகள்தான். ஊதாப் பூ பூத்துத் தரையோடு படரும் அடும்புக்கொடி, குத்தும் தலையோடு உருண்டு ஓடும் ராவணன் மீசை. பார்க்க ஒன்றுமில்லாத களைபோல இருக்கும். டூவீலரை மணலில் ஏற்றி வேடிக்கை காட்டுகிறவர்கள் அறுப்பது இவற்றைத்தான். கொடி அறுந்தால் மணல் பறக்கும்; மேடு தாழும். அந்த மேட்டின் மதிப்பை 2004 சுனாமியும் 2018 கஜா புயலும் கண்ட ஊருக்கு விளக்க வேண்டியதில்லை.

அதே மணலுக்குத் தையிலிருந்து பங்குனி வரை இரவில் ஒரு விருந்தாளி வருகிறது. மீனவர்கள் அதைப் பங்குனி ஆமை என்கிறார்கள். குழி தோண்டி நூறு சொச்சம் முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். கரையேறும்போது டார்ச் வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ கண்டால் முட்டையிடாமலே திரும்பிப்போகும். நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் பொரியும் குஞ்சுகளுக்கு முக்கியமான வழிகாட்டி ஒன்று உண்டு: எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் கடல். இயற்கையில் அது சரி. கரையில் ஃப்ளட்லைட்டும் வண்டி ஹெட்லைட்டும் எரிந்தால் குஞ்சு ஊர்ப்பக்கம் நடந்து காலையில் வெயிலில் காயும். விளக்கழகுக்குப் பேர்போனது வேதாரண்யம். கோயில் விளக்கு எரியட்டும். கடற்கரை விளக்கை அந்த மூன்று மாதம் தாழ்த்தியோ கரைக்கு எதிர்ப்பக்கம் திருப்பியோ வைத்தால் போதும். வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துக் கோடியக்கரைப் பொரிப்பகத்தில் வைத்துப் பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். ஆனால் கரையேறாமல் திரும்பிப்போன ஆமையின் முட்டையை எந்தப் பொரிப்பகத்திலும் வைக்க முடியாது.

குரங்குக்கு வருவோம். சாலையோரம் வண்டி நின்றதும் கண்ணாடி ஓரம் வந்து உட்காரும் குரங்கைப் பார்த்து முறுக்கோ வாழைப்பழமோ நீட்டாத குழந்தை இல்லை. நீட்டச் சொல்லாத பெரியவரும் குறைவு. புண்ணியம் என்றே செய்கிறார்கள். இதன் விளைவு வரிசையாக நீளும். தின்பண்டம் எளிதாகக் கிடைக்கும் இடத்துக்குக் குரங்கு குடிபெயர்கிறது, அதாவது தார்ச்சாலைக்கு. அடிபட்டுச் சாகிறது. கொடுக்காதவர் கையிலிருந்து பிடுங்குகிறது, கடிக்கிறது. மனிதனின் நோய் அதற்கும், அதன் நோய் மனிதனுக்கும் போக வழி பிறக்கிறது. யாரும் கவனிக்காத இன்னொன்று காட்டுக்குள் நடக்கிறது. நாட்டுக் குரங்குக்குக் கன்னத்தில் பை உண்டு. காட்டுப் பழங்களைப் பறித்துப் பையில் அடக்கிக்கொண்டு வேறிடம் போய், சதையைத் தின்று கொட்டையைத் துப்பும். காட்டு மரங்கள் இடம் மாறிப் பரவுவதற்கு அது சம்பளமில்லாத வேலையாள். சிப்ஸ் பாக்கெட்டுக்குச் சாலையோரம் காத்திருக்கும் குரங்கு அந்த வேலையைச் செய்வதில்லை. கஜா புயலில் ஏராளமான மரங்களை இழந்த ஒரு காட்டில் இது சின்ன நஷ்டம் இல்லை.

மிச்சச் சோறு நாயையும் வளர்க்கிறது. சோறு கிடைக்கும் இடத்தில் தெருநாய் பெருகும். சோறு கிடைக்காத நாளில் அது மானைத் துரத்தும். வனத்துறை சட்டம் போட்டு நாயைத் தடுக்க முடியாது. எச்சில் இலையைத் தடுக்கலாம்.

அமாவாசைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது கவனமாகச் சொல்ல வேண்டும். இந்தச் சரணாலயம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே இங்கே மக்கள் நீராடுகிறார்கள்; குழகர் கோயில் தேவாரப் பாடல் பெற்ற தலம். வழிபாட்டுக்கு வருகிறவரைச் சுற்றுலாப் பயணி என்று தள்ளிவைப்பது நியாயமும் இல்லை, நடக்கிற காரியமும் இல்லை. எள்ளும் தண்ணீரும் கடலை ஒன்றும் செய்யாது. பிரச்சினை அதோடு சேர்ந்து வரும் மற்றவை: கழற்றிக் கடலில் விடும் துணி, பாலிதீன் பையோடு வீசும் பூ, தண்ணீர் பாட்டில், ஒரே நாளில் குவியும் ஆயிரக்கணக்கானோருக்குப் போதாத கழிப்பறை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. மஞ்சப்பை கொடுக்கவும் துணி போட ஒரு தொட்டி வைக்கவும் கோயிலும் ஊராட்சியும் வனத்துறையும் சேர்ந்தால் முடியும். அமாவாசை எந்தத் தேதி என்று பஞ்சாங்கத்தில் ஒரு வருஷம் முன்பே இருக்கிறது. திட்டமிட இதைவிட வசதியான கூட்டம் உண்டா?

இவ்வளவும் சொன்ன பிறகு அளவும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பழி தவறான தலையில் விழும். கோடியக்கரையின் பெரிய எதிரி சுற்றுலாப் பயணி இல்லை. புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கும் சீமைக்கருவேலம் அவரைவிடப் பல மடங்கு பெரிய எதிரி. அதன் நெற்றைத் தின்று சாணத்தில் விதைபோடும் மாடுகளும் மட்டக்குதிரைகளும் அதற்குக் கூட்டு. மண்ணம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் வனவுயிரியல் ஆய்வாளர்கள் வெளிமான், குதிரை, சீமைக்கருவேலம் மூன்றையும் இங்கே தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். சதுப்புக்கு வரும் நன்னீர் குறைவது, உப்பளம் விரிவது, புயல், கோடைத் தண்ணீர்ப் பஞ்சம் எல்லாம் அதற்கு மேல். ஏற்கெனவே இத்தனை சுமையோடு நிற்கும் விலங்குக்குத்தான் நம் சின்னத் தொல்லை பெரிதாகிறது. தண்ணீர் நிறைந்த ஆண்டில் விரட்டப்பட்ட பறவைக்குப் போக வேறு பள்ளம் இருக்கும். வறண்ட ஆண்டில் இருக்கிற ஒரே பள்ளத்தின் கரையில் நாம் நிற்கிறோம்.

ஆட்களையே விடாமல் பூட்டிவிடலாமே என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்த நிலத்துக்காகப் பேசியவர்கள் எல்லாரும் முதலில் இங்கே வந்து பார்த்தவர்கள்தான். சாலிம் அலியும் அப்படித்தான். இன்று வனத்துறையின் ஆண்டுப் பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களாக நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் முதன்முதலாகப் பூநாரை பார்த்தவர்களாக இருப்பார்கள். வேதாரண்யம் தாலுகாப் பிள்ளைகள் பார்க்காத கோடியக்கரையை நாளைக்கு யார் காப்பார்கள்?

எத்தனை பேரை விடலாம் என்ற விவாதத்தில் அதிகாரிகள் அதிகம் மெனக்கெட வேண்டாம் என்பது என் கருத்து. எங்கே நிறுத்தலாம், எந்த மாதத்தில் எந்தப் பக்கம் அடைக்கலாம் என்பதுதான் பலன் தரும். மான் பார்க்க நாலைந்து இடம் குறித்து அங்கே மட்டும் வண்டி நிற்கலாம் என்று வைக்கலாம். பறவைக்கு முன்னால் கீற்றுத் தட்டி வைத்து மறைத்து, ஓட்டை வழியே பார்க்க விடலாம். பறவை பார்க்கிறவர்கள் உலகம் முழுக்க அப்படித்தான் பார்க்கிறார்கள். கோடையில் விலங்குக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டிகள் பக்கம் யாரையும் விடாமல் இருக்கலாம். உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டியாக வைத்தால் அவர்களுக்கும் வருமானம், காட்டுக்கும் காவல்.

நீங்கள் இந்த டிசம்பரில் போவதாக இருந்தால் விடிந்ததும் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் மானும் நிழலுக்குப் போய்விடும், வெயில் ஏறிவிட்டால் சதுப்பில் பறவையும் தெளிவாகத் தெரியாது. ஒரு பைனாகுலரை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். புல்வெளியில் வண்டியை விட்டு இறங்காதீர்கள், உள்ளேயிருந்தே நன்றாகத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டை வேதாரண்யத்துக்குத் திரும்பி வந்து சாப்பிடுங்கள். கொண்டுபோன பாட்டிலையும் பொட்டலத்தையும் செக்போஸ்டுக்கு வெளியே கொண்டுவந்து போடுங்கள். குரங்குக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள், பிள்ளை எவ்வளவு அழுதாலும் சரி.